எட்டாவது அட்டை

எட்டு அட்டை மாத்திரை கொண்டுவந்தது நிச்சயம். ஏழுதான் இருந்தது.

எக்ஸ்சேஞ்ச் அம்மாள் மருந்துப் பையை மூன்றாவது முறையாகக் கட்டில்மேல் கவிழ்த்தாள். இரண்டு அட்டை காலி. மூன்றாவதில் இரண்டு மாத்திரை மிச்சம். முழு அட்டை நான்கு. ஐந்து இருக்க வேண்டும்.

கணக்கில் பிழை வர வழியே இல்லை. அட்டைக்குப் பத்து. பயணம் கிளம்பி நேற்றோடு நான்கு வாரம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் ஏழு மாத்திரையை உரித்து, ஏழு மூடி போட்ட பச்சை டப்பாவை நிரப்புவது அவள் வேலை. நான்கேழு இருபத்தெட்டு. இரண்டு அட்டை முழுசாக, மூன்றாவதில் எட்டு. காலி அட்டைகளைக்கூட அவள் எறிந்ததில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பழுது பார்க்கும் மேஜையில் உட்கார்ந்தவள். வேலை முடிந்து கையெழுத்தாகும்வரை எரிந்துபோன ஃப்யூஸைக்கூட வீசக்கூடாது என்பது அங்கே விதி. அந்த விதியை அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் விடவில்லை.

பழுதைத் தேடுவதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டால், அந்த வீட்டிலிருந்து நிலையம்வரை கம்பியைத் தடவிக்கொண்டே யாரும் நடக்க மாட்டார்கள். நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அங்கே கம்பியைக் கழற்றிச் சோதிப்பார்கள். இந்தப் பக்கம் பேசினால் பழுது அந்தப் பக்கம். மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்குவார்கள். நாலைந்து வெட்டில் பழுது கைக்கு வந்துவிடும். ஊரே ஊமையானாலும் இதுதான் வழி.

அந்த முறையில் மாத்திரையையும் வெட்டிப் பார்த்தாள். ரயில் ஏறும்போது எட்டும் இருந்தன, எண்ணித்தான் வைத்தாள். அப்படியானால் பழுது இந்த ஏரிக்கரை விடுதிக்கு வந்த பிறகுதான். இந்த அறைக்குள் வருகிறவர்கள் மூன்று பேர். அவள், அவள் கணவர், அறை கூட்டுகிற பெண்.

கூட்டுகிற பெண் வாளியோடு வந்தபோது வாயில் வந்துவிட்டது.

"ஏம்மா, இங்க ஒரு மாத்திரை அட்டை கிடந்துதா? பாத்தியா?"

அந்தப் பெண் துடைப்பத்தை நிமிர்த்தினாள். "உங்க வீட்டுக்காரர் மாத்திரையை வச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்? எனக்கு வர்ற வியாதியே போதும்."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற கேள்வியா இது?"

பெண் அறையைக் கூட்டாமலே போய்விட்டாள். எக்ஸ்சேஞ்ச் அம்மாளுக்கு முகம் சுட்டது. அப்புறம் மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். அவரைக் கேட்க முடியாது.

ஏன் கேட்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒன்பது நாளுக்கு முன்னால், இந்த ஊருக்கு வரும் ரயிலில் நடந்தது இது. பெட்டி நிறைய ஆட்கள் இருக்க, "இன்னிக்கு வெள்ளி! வெள்ளி மூடியைத் திறங்க, அது வியாழன்!" என்று அவள் குரல் கொடுத்தாள். எதிர் இருக்கைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அளவைக்காரர் அன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டு, டப்பாவை மூடி, மனைவியின் மடியில் வைத்தார்.

"இது உன் புள்ள எனக்கு வாங்கிக் குடுத்த நாய்ச்சங்கிலி. இனிமே நீயே கட்டிக்க."

அளவைக்காரர் என்றால் நிலம் அளந்தவர். நாற்பது வருடம் சங்கிலியும் கோலுமாக வயல், காடு, கல்லறை என்று எல்லாவற்றையும் அளந்து, எல்லைக்கல் நட்டவர். அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் சனிக்கிழமை மூடி திறக்கவில்லை. மாலை ஆறு மணிவரை பொறுத்துப் பார்த்தாள். மாத்திரை உள்ளே வெள்ளையாக, பத்திரமாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர்தான் பதினெட்டு மாத்திரையைச் சன்னலோரப் பூந்தொட்டியில் புதைத்துவைத்தார். "அதைப் போட்டா கால் கனக்குது, நடக்க முடியல" என்பது அவர் கட்சி. இதயம் தறிகெட்டு ஓடி, முதல் குளிர்காலப் பயணம் ஆம்புலன்ஸில் முடிந்தது. அன்றைக்கு மகன் சொன்னது அவள் காதில் ஆணியாக இறங்கியிருந்தது: "அம்மா, இனி அப்பா மாத்திரை உன் பொறுப்பு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, ஊர் சுத்தறதெல்லாம் அதோட சரி. ரெண்டு பேரும் என் வீட்டு மாடி ரூம்ல இருங்க."

சன்னலே இல்லாத கூடத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முப்பத்தோரு வருடம் ஊராரின் கரகரப்பைக் கேட்டவள் அவள். ஓய்வுக்குப் பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: குளிர்காலத்தில் பத்து வாரம், கூட்டமில்லாத ஊர்களில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்தப் பத்து வாரத்துக்காகத்தான் மிச்ச நாற்பத்திரண்டு வாரமும் மூச்சு விட்டாள். அதை ஒரு மாத்திரைக்கு விட்டுக்கொடுப்பதா?

எனவே அந்தச் சனிக்கிழமை மாலை, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், இரண்டு கரண்டிக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்கினாள். விடுதிச் சமையலறையிலிருந்து ஆறரைக்கு வரும் இரண்டு கிண்ணம் சூப்பில், அவருடையதில் கலக்கினாள். மறுநாளும் கலக்கினாள். அதற்கு மறுநாளும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள் என்பார்கள். அவள் மறைத்தது கடுகளவு பொடி. ஆனாலும் அது கசந்தது.

"என்ன சூப் இது, வேப்பங்கொட்டையை அரைச்சு விட்ட மாதிரி!" என்றார் அளவைக்காரர். விடுதியின் கருத்துப் புத்தகத்தில், "அறை எட்டு. சூப் கசக்கிறது" என்று தேதி போட்டு எழுதினார். மறுநாள், "மறுபடியும்" என்று எழுதினார். சமையல்காரர் பொறுக்க முடியாமல் கரண்டியோடு மாடிக்கே வந்துவிட்டார்.

"சார், பானையில இருந்து நானே ருசி பாத்துட்டேன். தேன் மாதிரி இருக்கு. கோளாறு உங்க நாக்குல."

"எங்க வீட்டம்மாவைக் கேளு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். "எனக்குக் கசக்கலையே. உங்களுக்குப் பித்தமா இருக்கும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவர் சூப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. குடித்தார். கிண்ணத்தைக் கழுவித் துடைத்தது மாதிரி குடித்தார். பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவரிடம் போய், "அட்டை எங்கே?" என்று கேட்டால், "நீ ஏன் எண்ணறே?" என்பார். அந்தக் கேள்வி நேராகச் சூப்பில் போய் நிற்கும்.

"ஆபரேட்டர்! படகு பத்து மணிக்கு!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவள் ஆபரேட்டர் வேலையில் ஒரு நாளும் இருந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். முப்பத்தேழு வருடமாகத் தெரியும். "நேத்துதான் மூச்சு வாங்குச்சு. இன்னிக்கு இறங்கறதுதானே, ஏறறதா? வா."

அவள் பையை மூடினாள். அவளால் தீர்க்க முடியாத கணக்கு அங்கேயே கட்டில்மேல் கிடந்தது.

*

விடுதியிலிருந்து படகுத்துறைக்கு அறுபத்திரண்டு படி. அளவைக்காரருக்குப் படியைக் கண்டால் எண்ணாமல் இருக்க முடியாது. மூடுபனியில் ஏரி தெரியவில்லை. அவர் தொப்பி தெரிந்தது, எண்ணிக்கை கேட்டது.

"முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது. நாப்பது."

அவள் நாலு படி பின்னால், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இறங்கினாள். கம்பி பனிக்கட்டியாகச் சுட்டது.

"நாப்பத்தொண்ணு."

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அவர் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. எண்ணிக்கை நின்றதைத்தான் கேட்டாள். அந்த மனிதர் கல்யாணத்தன்று மண்டபப் படியேறும்போதுகூட எண்ணிக்கையை நடுவில் விட்டவரில்லை.

"என்னங்க?"

நாற்பத்தொன்றாம் படியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. முகம் ஈரச் சுண்ணாம்பு. அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். காத்திருந்தாள். இணைப்பு அறுந்த கம்பியில் அப்படித்தான் இருக்கும். கேட்கிறவர் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பிறகு இன்னொன்று வந்தது.

படகுக்காரர்தான் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

*

மருத்துவமனை சிறியது, ஆனால் சுத்தமானது. இதய மருத்துவர் இளவயதுப் பெண். காகிதச் சுருளை நீளமாக விரித்து, பேனாவால் சுட்டிக்காட்டி, எக்ஸ்சேஞ்ச் அம்மாளுக்கு விளக்கினாள்.

"இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறைம்மா. மேலேர்ந்து 'துடி'ன்னு ஒரு மின்சாரச் செய்தி கிளம்பும். நடுவுல ஒரு முடிச்சு இருக்கு. அது வழியாத்தான் கீழ போகணும். சாருக்கு அந்த முடிச்சுல செய்தி நிக்குது. மேல ரெண்டு தடவை கூப்பிட்டா கீழ ஒரு தடவைதான் மணி அடிக்குது. நிமிஷத்துக்கு முப்பத்தாறு."

"ஜங்ஷன் பாக்ஸ்."

"அதேதான்!" என்று மருத்துவர் சிரித்தாள். "நீங்க எஞ்சினியரா?"

"டெலிபோன்ல இருந்தேன்."

அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது தெளிவாகச் சொன்னால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான். பிறகு அது யாருடைய இதயம் என்பது நினைவுக்கு வந்து, தன்னையே மனதுக்குள் அறைந்துகொண்டாள்.

"இப்போ ஊசி போட்டு ஓட்டிட்டு இருக்கோம். இனி முக்கியமான கேள்வி. சார் போடற மாத்திரையும் இதே முடிச்சைத்தான் மெதுவாக்கும். அளவா போனா நல்லது. கூடினா இப்படித்தான் நிக்கும். ஒரு நாளைக்கு ஒண்ணுதானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். ஏனென்றால் இரண்டு மணிக்கெல்லாம் மகன் வந்துவிட்டான்.

மகனைச் சொந்தக்காரர்கள் 'சேஃப்டி' என்பார்கள். பெரிய தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே யாருக்காவது விரல் போனால் இவன்தான் போய் விசாரிப்பான். கடைசியாகத் தொட்டது யார், எத்தனை மணிக்கு, கையுறை போட்டிருந்தானா. வீட்டிலும் அவனுக்கு வேறு பேச்சு வராது. நான்கு மணி நேரம் கார் ஓட்டிவந்த களைப்போடு கட்டில் காலடியில் நின்றான்.

"கடைசி மாத்திரை எப்போப்பா போட்டீங்க?"

"இன்னிக்கு. காலையில ஏழு பத்து." மூக்குக் குழாய்க்கு அடியிலிருந்து குரல் மெலிதாக வந்தது.

"நேத்து?"

"நேத்தும். தினமும் ஒண்ணு. ஒரு நாள் தவறல."

"பூந்தொட்டிக்கா, வாய்க்கா?"

மகன் மருத்துவர் பக்கம் திரும்பினான். "டாக்டர், மாத்திரை விஷயத்துல எங்கப்பா சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. பழைய கதை ஒண்ணு இருக்கு. நாலு நாள் விட்டுட்டு, பயத்துல நாலையும் சேத்துப் போட்டிருப்பார். அம்மா, நீ சொல்லு. அப்பா டப்பாவைத் திறந்தாரா?"

கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"திறக்கல" என்றாள் அவள். "ஒன்பது நாளா திறக்கல."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவளுக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது. சாகக் கிடக்கிற நேரத்திலும் கண்ணைப் பார்த்து, 'ஏழு பத்துக்குப் போட்டேன்' என்று நேரம் வைத்துப் புளுகுகிறாரே இந்த மனிதர்!

"பாத்தீங்களா டாக்டர்!" என்றான் மகன்.

"போட்டேன்னா போட்டேன்." அளவைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "நம்பாதவங்ககிட்ட நான் எதுக்கு அளந்து காட்டணும்?"

மருத்துவர் எக்ஸ்சேஞ்ச் அம்மாளைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். "அம்மா, எனக்குச் சண்டை வேண்டாம், எண்ணிக்கைதான் வேணும். நாலஞ்சு சேந்து உள்ள போயிருந்தா, மருந்து இறங்கற வரைக்கும் ரெண்டு நாள் காத்திருந்து பாக்கலாம். முடிச்சு தானா சரியாயிடும். தினமும் ஒண்ணுதான் போச்சுன்னா, இது மருந்தால வந்தது இல்ல. வழியே பழுது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நெஞ்சைக் கீறி, தோலுக்கடியில ஒரு கருவி வச்சு, இதயத்துக்குள்ள கம்பி விடணும். ஆயுசுக்கும் இருக்கும். இப்ப சொல்லுங்க."

"ஒண்ணுதான் போச்சு" என்றாள் அவள்.

"அவர் டப்பாவைத் திறக்கலைன்னீங்களே?"

"திறக்கல. ஆனா ஒண்ணு போச்சு. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"நீங்க பாத்தீங்களா?"

அவர் சூப்பைக் குடிப்பதைத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். "பாத்தேன்" என்றாள்.

வழி எதுவானால் என்ன, எண்ணிக்கை சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மருத்துவர் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போனாள்.

சம்மதப் படிவம் வந்தது. மகன் நாலு பக்கத்தையும் வாசித்து, கேள்வி கேட்டு, பேனாவை அப்பாவிடம் நீட்டினான். அளந்து பார்க்காத நிலத்துக்கு வாழ்நாளில் கையெழுத்துப் போடாத மனிதர், படிவத்தை வாசிக்காமல், எங்கே கோடு என்று மட்டும் கேட்டு, கோணலாகக் கையெழுத்துப் போட்டார்.

"படிச்சுப் பாருங்கப்பா."

"எதுக்கு? நான்தான் பொய்க்காரன் ஆச்சே. பொய்க்காரன் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன."

மகன் வராந்தாவில் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். "இதோட முடிஞ்சுதும்மா. விடுதியைக் காலி பண்ணச் சொல்லிட்டேன். மாடி ரூமுக்கு இன்னிக்கே பெயின்ட் அடிக்கச் சொல்றேன்."

"உங்கப்பா பிழைக்கட்டும். அப்புறம் பெயின்ட் அடிக்கலாம்."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? ஒரே ஒரு பொறுப்புதானே உன்கிட்ட குடுத்தேன்!"

அந்த ஒரே ஒரு பொறுப்பை அவள் எப்படிக் காப்பாற்றினாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் பாராட்டுவான் என்றுகூட அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது.

*

மூன்றரை மணிக்கு நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையை அவள் மடியில் வைத்தாள். "சாரோட துணிம்மா. எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

செருப்பு ஒரு ஜோடி. பெல்ட். தொப்பி. கம்பளிக் கோட்டு. கோட்டின் உள்பையில் ஏதோ மொடமொடத்தது. கையை விட்டாள்.

எட்டாவது அட்டை.

ஒன்பது துளை. ஒரு மாத்திரை மிச்சம். ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும், அட்டையின் வெள்ளிப் பரப்பில், பென்சிலால் பொடி எழுத்தில்: சனி 7.10. ஞாயிறு 7.05. திங்கள் 7.10. அப்படியே நேற்றுவரை. ஒன்பதாவது துளைக்குப் பக்கத்தில் இன்றைய தேதி, 7.10. 'எழுதாதது அளக்காதது' என்று அந்த மனிதர் நாற்பது வருடம் தன் கீழே வேலை பார்த்தவர்களைத் திட்டியது இதற்காகத்தான். டப்பாவைத்தான் தொடமாட்டேன் என்றார். மாத்திரையைத் தொடமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை.

அட்டையைச் சுற்றி விடுதிக் காகிதம் ஒன்று மடிந்திருந்தது. அதுவும் அவர் கையெழுத்துதான். கோடு கிழித்து, நாள், நடந்த அடி, குறிப்பு என்று மூன்று பத்தி. அவள் குறிப்புப் பத்தியை மட்டும் வாசித்தாள்.

சனி: சூப் கசப்பு. ஞாயிறு: கசப்பு. புகார் எழுதினேன். திங்கள்: கசப்பு. மறுபடி எழுதினேன். செவ்வாய்: சமையல்காரர் பானையில் கசப்பில்லை என்கிறார். புதன்: அவள் தண்ணீர் எடுக்கப் போனபோது இரண்டு கிண்ணத்தையும் ருசி பார்த்தேன். அவள் கிண்ணம் கசக்கவில்லை.

வியாழன்: கசப்பு. குடித்தேன்.

வெள்ளி: கசப்பு. குடித்தேன்.

சனி: கசப்பு. குடித்தேன். படியில் மூச்சு வாங்கியது.

எக்ஸ்சேஞ்ச் அம்மாள் காகிதத்தை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். அவர் என்ன நினைத்துக்கொண்டு குடித்தார்? மருந்து என்றா? வேறு ஏதாவது என்றா? முப்பத்தேழு வருடம் கூட இருந்தவள் கிண்ணத்தில் எதைக் கலக்குகிறாள் என்று கேட்கக்கூடத் தோன்றாமல், கடைசிச் சொட்டுவரை குடிக்கிற அளவுக்கு ஒரு மனிதருக்கு என்ன ஆகியிருக்க வேண்டும்? அந்தக் கேள்வியைப் பாதியாக வெட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் மற்றக் கணக்கு தீர்ந்துவிட்டது.

இப்போது இதைப் பையிலேயே போட்டுவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. நாளைக் காலை எட்டு மணிக்குக் கருவி வைப்பார்கள். நல்ல நெஞ்சைக் கீறி, வேண்டாத கம்பியை உள்ளே விடுவார்கள். அவர் ஆயுசுக்கும் பொய்க்காரராக இருப்பார். அவள் ஆயுசுக்கும் நல்லவளாக இருப்பாள்.

சொன்னால்? மகன் அந்த விசாரிக்கிற கண்ணோடு அவளைப் பார்ப்பான். கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் சூப்பில் மருந்து கலந்தவள் என்ற பேர் குடும்பத்தில் அவளோடே சாகும்வரை வரும். ஏரி, பத்து வாரம், எல்லாம் அதோடு போச்சு.

அவள் எழுந்தாள். பென்சில் குறிப்பு எழுதிய காகிதத்தைக் கைப்பையின் அடியில் வைத்தாள். அட்டையை மட்டும் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

மருத்துவரின் அறையில் மகனும் இருந்தான். நாளைய நேரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர், நான் சொன்னது தப்பு" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுன்னு சொன்னேன். ரெண்டு." அட்டையை மேஜையில் வைத்தாள். "இது அவர். நேரம் போட்டு எழுதியிருக்கார், பாருங்க. அவர் பொய் சொல்லல."

மகன் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதுல ஒண்ணுதானேம்மா இருக்கு. இன்னொண்ணு யார் குடுத்தா?"

"நான்."

"நீயா? எப்படி? அவர்தான் உன் கையால வாங்கவே மாட்டாரே!"

"சூப்புல."

மகன் வாயைத் திறந்தான். விசாரணைக்குப் பழகிய அந்த வாயில் ஒரு கேள்வியும் வரவில்லை.

மருத்துவர்தான் கேட்டாள், மெதுவாக. "முழுசாவா போட்டீங்க, பொடிச்சா?"

"பொடிச்சு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தாள். "அம்மா, இது மெதுவாக் கரையற மாத்திரை. உள்ள நூத்துக்கணக்கான குட்டிக் குட்டி மணி. ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு தோல். ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டா இறங்கணும்னுதான் அப்படிப் பண்ணியிருக்காங்க. பொடிச்சா தோல் உடைஞ்சு மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கிடும்."

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று எக்ஸ்சேஞ்ச் அம்மாளுக்குத் தோன்றியது. இரண்டு கரண்டிக்கு நடுவே அது உடைந்த சத்தமும் கூடவே கேட்டது.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. நாளைக்குக் கருவி வேண்டாம். காத்திருந்து பாப்போம்." மருத்துவர் நோயாளிப் பதிவுத்தாளை அவள் பக்கம் திருப்பினாள். "உங்க கையால எழுதிக் குடுங்க. என்ன, எப்போ, எத்தனை நாள். சுத்தி வளைக்காம."

"அம்மா..." என்றான் மகன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. நிலையத்தில் பழுதுப் புத்தகம் எழுதுவதுபோல எழுதினாள். அங்கே அடைமொழிக்கு இடம் கிடையாது. பழுது எங்கே, எதனால், அவ்வளவுதான்.

'காலை: அவர், அட்டையிலிருந்து ஒன்று. மாலை: நான், டப்பாவிலிருந்து ஒன்று, பொடித்து, சூப்பில், அவருக்குத் தெரியாமல்.'

பேனா நின்றது. 'அவருக்குத் தெரியாமல்' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கீழே தொடர்ந்தாள்.

'எட்டு நாள். தினம் ஒன்று என்று அவர் சொன்னது உண்மை. ஒன்று என்று நான் சொன்னதும் உண்மை. உள்ளே போனது இரண்டு.'